மூக்கு அக்கா பாஸ் செய்த வெள்ளை ஷீட்

முதலில் துருப்பிடித்தது அந்த இரும்பு ஸ்கேல்தான்.

காலையில் அறையைத் திறந்து விளக்கைப் போட்டவள், வழக்கம்போல மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். அதன் முனையில் பழுப்பாக ஒரு படலம். விரலால் தேய்த்தாள், விரலில் ஒட்டிக்கொண்டது. மழைக்காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. அந்த அறையில் தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஸ்கேலை இருந்த இடத்திலேயே வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையில், கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த லேசர் அறை. கண்ணாடி மூடி போட்ட இரும்புப் பெட்டிகளைப் போல இரண்டு மெஷின்கள். மாணவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டுவரும் கட்டடங்களை அவை அட்டையிலும் பலகையிலும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கிலும் வெட்டித் தரும். சிவப்புக் கோடு போட்டால் வெட்டும், நீலக் கோடு போட்டால் மேலாகக் கீறும். சுவர், ஜன்னல், படிக்கட்டு எல்லாம் தனித்தனித் துண்டாகக் கையில் வரும். ஒட்டினால் கட்டடம்.

அந்த மெஷின்களை ஓட்டுபவள் அவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூக்கு அக்கா.

பெயருக்குக் காரணம் உண்டு. முதலில் அவள் அந்தத் துறையில் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். ஒருநாள் நடையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மூக்கைச் சுளித்து, துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி, ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் சுவிட்சை அணைத்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே அட்டை பற்றி எரிந்துகொண்டிருந்தது. "இந்த மூக்கை வாசல்ல நிறுத்தக் கூடாது, உள்ள உக்கார வைக்கணும்" என்று அப்போதிருந்த பொறுப்பாளர் சொன்னார். உட்கார வைத்தார்கள். மெஷினைக் கற்றுக்கொண்டாள், கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டாள். வருடங்கள் ஓடின. நாற்காலி நிரந்தரமானது.

அந்த அறைக்கென்று ஒரு பழக்கமும் வந்து சேர்ந்தது. யார் புது ஷீட் கொண்டுவந்தாலும் அவள் அதன் மூலையில் நகத்தளவு ஒரு வட்டம் வெட்டுவாள். சூடு ஆறுவதற்குள் அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவாள். அக்ரிலிக் என்றால் பழம் போலத் தித்திப்பாக வாடை வரும். பலகை என்றால் விறகடுப்பு வாடை. மூக்கைக் கத்தியால் கீறினாற்போல எரிந்தால் அது பிவிசி. லேசரில் வைத்தால் விஷப் புகை கக்கும் பிளாஸ்டிக் அது. சுவாசித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அறையிலுள்ள இரும்பெல்லாம் துருவேறிப் போகும். சுவரில் தொங்கும் பலகையில் முதல் வரியே அதுதான்: பிவிசிக்கு அனுமதி இல்லை. அதற்கு அடுத்த வரி, செம்புக் கம்பியைச் சூடாக்கி ஷீட்டில் தொட்டுத் தீயில் காட்டிச் சோதிக்க வேண்டும் என்கிறது. சுடர் பச்சையானால் ஆபத்து. ஆனால் அந்தக் கம்பி மேசை இழுப்பறையின் அடியில் கிடந்தது. மூக்கு இருக்கும்போது கம்பி எதற்கு?

"பாஸ்" என்பாள். அந்தச் சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த மூக்குத்தான் போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் இறங்கிற்று, உடம்புவலி போயிற்று, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தாள். சோப்பை முகர்ந்தாள், கற்பூரத்தை முகர்ந்தாள். சுவரில் மூக்கை வைத்தது போல இருந்தது. மருத்துவரிடம் போகவில்லை. போனால் அவர் எழுதித் தருவார், எழுத்தில் வந்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது கணவர். அவர் மாணவர் விடுதியின் சமையற்காரர், வாசனையிலேயே பிழைப்பவர். ஒருநாள் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அடுக்களை முழுக்கப் புகை. அடுப்பில் சோறு தீய்ந்து கரியாகிக்கொண்டிருக்க, இவள் இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கவனிக்கல" என்றாள். அவர் அடுப்பை அணைத்தார். மறுநாள் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து அவள் முகத்தருகே நீட்டினார்.

"புதுத் தூள். எப்படி இருக்கு பாரு."

அவள் கண்ணை மூடி இழுத்தாள். "அருமையா இருக்கு. தூக்குது."

அவர் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். காலி. கழுவித் துடைத்த டப்பா.

அதை மூடி அவள் எதிரே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல்லருந்து."

"ஆபீஸ்ல சொல்லிடும்மா. வேற வேலை தருவாங்க."

"என்ன வேலை? மறுபடி துடைப்பமா?" அவள் டப்பாவைத் தள்ளிவிட்டாள். "மூக்கு இல்லேன்னா நான் அங்க யாருங்க? சுவிட்ச் போட்டு அணைக்கிறவ. அதுக்கு நான் எதுக்கு?"

"கம்பி வச்சுப் பாக்கலாம்ல? நீதான் சொல்லியிருக்க."

"இத்தனை வருஷம் இல்லாம திடீர்னு கம்பியை எடுத்தா கேக்க மாட்டாங்களா, மூக்குக்கு என்ன ஆச்சுன்னு?" அவர் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சின்னவகிட்டயும். சத்தியம் பண்ணுங்க."

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் யார் தலையில் விடியப் போகிறது என்று இருவருக்கும் அப்போது தெரியாது.

சின்னவள் என்பது அவளுடைய அக்கா மகள். அதே துறையில் கடைசி வருடம் படிக்கிறாள். அக்கா வேறு ஊரில் இருந்ததால் பெண் சித்தி வீட்டிலேயே தங்கிப் படித்தாள். பிள்ளையில்லாத வீட்டுக்கு வெளிச்சம் போல வந்தவள். குழந்தையிலிருந்தே வீசிங். கொண்டுவந்து விட்ட அன்று அக்கா தங்கையின் கையைப் பிடித்து, "சோறு போடாட்டியும் பரவாயில்ல. அவ மூச்சை மட்டும் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

வீட்டில் "சித்தி" என்று அழைப்பவள், லேசர் அறைக்கு வந்தால் மற்றவர்களைப் போல "மூக்கு அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு ரோஷம்.

அவளுடைய கடைசி வருட மாடல் ஒரு பஸ் நிலையம். நாலு பக்கமும் சுவருக்குப் பதில் மெல்லிய பட்டைகள், இடையிடையே கீற்றுக் கீற்றாகத் திறப்பு. உள்ளே நிற்பவருக்குக் காற்று வரவேண்டுமாம். அக்ரிலிக்கில் வெட்டினால் அந்தப் பட்டைகள் ஒடிந்து ஒடிந்து விழுந்தன. ஒருநாள் பெயர்ப்பலகை செய்யும் கடையிலிருந்து ஒரு வெள்ளை ஷீட்டைச் சுருட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"மூக்கு அக்கா, இது வளையுது, ஒடியல. அக்ரிலிக் மாதிரிதான்னு கடைக்காரர் சொன்னார். ப்ளீஸ், பாஸ் பண்ணுங்க."

அவள் மூலையில் வட்டம் வெட்டினாள். எடுத்து மூக்கருகே வைத்தாள். பின்னால் ஐந்தாறு மாணவர்கள் தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணை மூடினாள்.

ஒன்றுமில்லை. சுவர்.

கண்ணைத் திறந்தபோது துண்டின் விளிம்பு பழுப்பாகக் கருகியிருந்தது. அக்ரிலிக் விளிம்பு கண்ணாடி போலப் பளபளக்கும், இப்படிக் கருகாது. அதைக் கண் பார்த்தது. மனசும் பார்த்தது. ஆனால் எதிரே சின்னவளின் முகம். தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, நம்பிக்கையோடு நின்ற முகம்.

"பாஸ்" என்றாள்.

அந்த ஒரு சொல் போதும். மூக்கு அக்காவே விட்டுவிட்டார்கள் என்று வகுப்பு முழுக்கப் பரவியது. அடுத்த வாரம் யார் கையைப் பார்த்தாலும் அந்த வெள்ளை ஷீட்தான். வெள்ளை வீடு, வெள்ளை நூலகம், வெள்ளை ஆஸ்பத்திரி. இரண்டு மெஷின்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே வெட்டித் தள்ளின. கூரையோரத்துப் புகைபோக்கி மின்விசிறி மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றியது.

"என்னடா, கண்ணு எரியுது" என்றான் ஒருவன்.

"மாடல் பாத்து நீயே அழற. மார்க் போட வர்ற ஜூரி பாத்தா கதறுவாங்க" என்றான் இன்னொருவன்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, ஏதோ நாத்தம் அடிக்குதுல்ல? தொண்டையில போய் நிக்குது."

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வாய் தானாகப் பேசிற்று.

"ஃபைனல் நெருங்குது. உங்கள்ல எவனாவது குளிக்கிறானா? அந்த நாத்தம்தான்."

அறையே சிரித்தது. நெட்டை முகம் சிவந்து தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த அறையில் நாற்றம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்கேல் துருப்பிடித்தது அதற்கு அப்புறம்தான். பிறகு கத்தரிக்கோல். பிறகு கதவின் கீல், திறக்கும்போது கிறீச்சிட்டது. மெஷினுக்குள் லேசர் முனை ஓடும் தண்டவாளத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். ஒவ்வொரு காலையும் எண்ணெய்த் துணியோடு அவள் முன்னதாகவே வந்தாள். துடைத்தாள். மறுநாள் அது முந்திய இடத்திலும் புது இடத்திலும் இருந்தது. அவள் தூங்கும்போதுகூட அந்த அறைக்குள் யாரோ உட்கார்ந்து இரும்பைத் தின்றுகொண்டிருப்பது போல.

வீட்டில் சின்னவள் இருமினாள்.

"தூசி சித்தி. பலகையைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒட்டறோம்ல."

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "இன்ஹேலரைப் பையிலயே வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சின்னவளின் பெரிய சுவர்களை வெட்டும் நாள் வந்தது. கீற்றுகள் அதிகம், நீண்ட வேலை. அறையின் விதிப்படி மெஷின் ஓடும்போது ஆள் அகலக் கூடாது. யாருடைய வரைபடமோ அவர்தான் மூடியருகே உட்கார்ந்து தீப்பிடிக்காமல் காவல் காக்க வேண்டும். சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"நீங்களும் போய்ச் சாப்பிடுங்க அக்கா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி இருமினாள்.

அவள் சாவிக்கொத்தை எடுத்தாள். அதன் இரும்பு வளையம் உள்ளங்கையில் பழுப்புக் கோடு போட்டது. இடுப்பில் செருகிக்கொண்டு தன்னோடு வீட்டுக்கு வரும் சாவிக்கொத்து. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். இனிமேல் இதை எண்ணெய்த் துணியால் துடைத்து மறைக்க முடியாது என்று அப்போதுதான் தோன்றிற்று.

இழுப்பறையின் அடியில் கைவிட்டுச் செம்புக் கம்பியை எடுத்தாள். குப்பைக் கூடையிலிருந்து வெள்ளைத் துண்டு ஒன்று. லைட்டர். சின்னவள் கண்ணில் படாமல் பக்கத்துச் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

கம்பி சூடேற நேரமாயிற்று. சுவருக்கு அப்பால் மெஷினின் இரைச்சல். அதன் நடுவே சின்னவளின் இருமல். இருமல், இரைச்சல், இருமல். கம்பி சிவந்தது. வெள்ளைத் துண்டில் அழுத்தினாள்; உருகிக் கம்பியில் ஒட்டியது. ஒருகணம் கண்ணை மூடி, "மஞ்சளா எரியட்டும், மஞ்சளா எரியட்டும்" என்று முணுமுணுத்தாள். பிறகு அதைத் தீக்குள் நீட்டினாள்.

சுடர் பச்சையாக எரிந்தது.

இளந்தளிர் போல அவ்வளவு அழகான பச்சை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஏதோ குறைகிறது என்று காதுக்கு உறைத்தது.

சுவருக்கு அப்பால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருமல் சத்தம் மட்டும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சின்னவள் கண்ணாடி மூடிமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். ஒரு கை தரையில் கிடந்த பைக்குள் எதையோ தேடியபடியே நின்றுபோயிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. உள்ளே லேசர் முனை ஒன்றும் அறியாதது போலக் கீற்றுக்கு மேல் கீற்றாக வெட்டிக்கொண்டே போனது.

சிவப்புப் பொத்தானை அறைந்தாள். பெண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியாது. நடுப்படியில் காதருகே ஒரு விசில் போல மூச்சு கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு சொல். அந்தக் கட்டடத்துக்குள் அந்தப் பெண் ஒருநாளும் சொல்லாத சொல்.

"சித்தி..."

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக மூச்சு ஏற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சாயங்காலம் சொன்னார்கள். நெஞ்சு எவ்வளவு புண்ணாகியிருக்கிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். ஓடினால் இரைக்குமா, படியேறினால் இரைக்குமா, காலம் பூராவும் இரைக்குமா என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியுமாம்.

"பிளாஸ்டிக் புகை மூக்கைத் துளைக்கற வாடையாச்சே" என்றார் மருத்துவர். "அத்தனை பேர் இருந்திருக்கீங்க. ஒருத்தருக்கும் தெரியலையா?"

கணவர் தரையைப் பார்த்தார்.

பதில் கட்டிலிலிருந்து வந்தது. சின்னவள் முகமூடியை விரலால் விலக்கினாள். ஒவ்வொரு சொல்லையும் கடன் வாங்கிப் பேசுவது போலப் பேசினாள்.

"தெரிஞ்சுது டாக்டர். எல்லாருக்கும் நாறுச்சு. எங்க சித்தி ஒண்ணும் சொல்லலையே. அப்போ ஒண்ணும் இருக்காதுன்னு..."

அதற்குமேல் மூச்சு இல்லை. செவிலி முகமூடியைத் திருப்பி வைத்தாள்.

எல்லோருக்கும் நாறியிருக்கிறது. ஒவ்வொருவனுடைய மூக்கும் அவனிடம் கதறியிருக்கிறது. ஒவ்வொருவனும் தன் மூக்கை நம்பாமல் அவள் மூக்கை நம்பியிருக்கிறான். அன்றிரவு முழுக்க அவள் கட்டில் காலருகே உட்கார்ந்து அந்த நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பொறுப்பாளரிடமிருந்து போன் வந்தது. இப்போதிருப்பவர் இளவயது, பரபரப்பான மனிதர்.

"அக்கா, பொண்ணு எப்படி இருக்கு? கவலைப்படாதீங்க, காரணம் தெரிஞ்சுடுச்சு. ஃபேன்தான். பழைய ஃபேன், இழுக்கவே இல்ல. புதுசு மாட்டியாச்சு. பசங்க பயந்துபோய் இருக்காங்க, சமர்ப்பிக்கற நாளும் கிட்ட வந்துடுச்சு. நீங்க வந்து ஒரு தடவை ஷீட்டை மோந்து பாத்துப் பாஸ்னு சொல்லிட்டீங்கன்னா மறுபடி ஓட்டிடலாம். உங்க வாய்லருந்து வந்தாத்தான் நம்புவாங்க."

போனை வைத்தாள். ஃபேன். எவ்வளவு சுலபமான வழி. யாரும் கேட்கப் போவதில்லை. பேசாமல் இருந்தாலே போதும்.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். முந்தானையைச் சரிசெய்து விடுவது போல அவள் தோளைத் தொட்டார்.

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். "நீ திற."

லேசர் அறையில் கூட்டமாக நின்றார்கள். புது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் சின்னவளின் பாதி வெட்டிய சுவர் அப்படியே கிடந்தது. பொறுப்பாளர் வழிவிட்டு, சூடாக வெட்டிய வெள்ளை வட்டத்தை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்.

அவள் எடுத்தாள். பழக்கம், கை தானாக மூக்கருகே போனது.

கையைத் தாழ்த்தினாள். இடுப்பிலிருந்து செம்புக் கம்பியை எடுத்து, லைட்டரைப் பற்றவைத்தாள். கம்பி சிவக்கும்வரை பிடித்தாள். தொட்டாள். தீயில் காட்டினாள்.

பச்சை ஒளி முன்வரிசையில் நின்றவர்களின் முகத்தில் விழுந்தது.

"அது..." என்றார் பொறுப்பாளர். அவர் கண் சுவர்ப் பலகைக்குப் போய்த் திரும்பியது. "அக்கா, நீங்கதான இதைப் பாஸ் பண்ணீங்க?"

"ஆமா சார், நான்தான்." எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சல் வந்ததுலருந்து தெரியாது. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

பின்னால் நின்ற நெட்டை மெதுவாகக் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைக் கொன்றது.

"அப்போ, அன்னைக்கு நாறுச்சுன்னு நான் சொன்னது..."

"நாறியிருக்கும்பா. நீ சொன்னது சரி. எனக்குத்தான் தெரியல."

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். துருவேறிய வளையம் மரத்தில் ஒரு பழுப்பு வட்டம் பதித்தது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் அவளைத் திட்டவும் இல்லை. எத்தனை வாரமாக இந்த அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

அப்போது கூட்டத்தின் நடுவில் யாரோ இருமினார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருமிய பெண் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் புது விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கதவருகிலிருந்து இன்னொருவன் இருமினான்.